அக்கா நிமிர்த்திய கப்பல்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர் நினைவாக வரும் இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம்.

மலாக்காவில் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் அக்கா பிறந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அப்பா திரும்பவில்லை. அம்மா எங்கள் இருவரையும் பட்டணத்துக் காஜா பெராங்குக்குக் கூட்டி வந்தார். அக்கா பள்ளியை விட்டுத் தையல் பழகினார். ஒரு தையல் கோணலாக விழுந்தால் போதும், வாங்க வந்தவர் வாசலில் நிற்கும்போதே பிரித்துவிடுவார். அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அத்தானை அக்கா மணந்தார். அம்மா காலமான பிறகு நானும் அவர்களுடனேயே இருந்தேன். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பரபரத்த சமயம் அது. வட்டாரச் சங்கத்தார் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். நம்மவர்கள் கடல் கடந்து வந்ததைக் காட்ட ஒரு சிறிய பாய்மரக் கப்பல் செய்து தருகிறேன் என்று அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். ஜெலுத்தோங் மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, சமையலறை மேசையில் அடிமரமும் சட்டங்களும் கட்டி, இடப்பக்கம் முழுவதையும் ஒட்டி முடித்தார். அந்த வாரமே சரக்குப் படகுக்கும் துறைக்கும் நடுவில் சிக்கி அவர் கால் நொறுங்கியது.

மருத்துவமனையில் காலை உயரத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். நடப்பாரா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தான் சாப்பாட்டை ஒதுக்கினார். பேச்சும் குறைந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “வேற ஆளப் பாத்துக்கிறோம்மா” என்றார்.

“வேணாம்ணே. அவரு சொன்னா சொன்னதுதான். கப்பல் வரும்” என்றார் அக்கா. உளி பிடித்தே அறியாதவர்!

வலப்பக்கத்தை ஒட்டத் தொடங்கினார். பட்டைகள் முனையில் சேரவில்லை. தன் கைதான் சரியில்லை என்று பிரித்தார், ஒட்டினார், மறுபடி பிரித்தார். தையல் வேலை ஒரு பக்கம் குவிந்தது. கடைசியில் ஊசி நூலை எடுத்து முன்முனையிலிருந்து பின்முனைவரை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். கப்பலின் அடிமரமே இடப்பக்கமாக வளைந்திருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக ஒட்டியதால், வச்சிரப் பசை காயக் காய அது இழுத்துக்கொண்டுவிட்டது. பிழை அத்தானுடையது.

“விடுக்கா. கோணல் பக்கத்தச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிடலாம். யாரு பாக்கப் போறா?” என்றேன்.

“நான் பாப்பேன்ல?”

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். அக்கா உட்காரக்கூட இல்லை.

“என்னங்க, கப்பல் வளைஞ்சி போச்சி.”

“நீ என்னா செஞ்ச?”

“நான் ஒண்ணும் செய்யல. நீங்கதான் ஒரு பக்கத்தயே மொத்தமா ஒட்டிட்டீங்க.”

அத்தானின் முகம் சுருங்கியது. “அப்ப தூக்கி வீசிடு. கால் போனவனுக்குக் கப்பல் எதுக்கு?”

“கால் போவல. கட்டித்தான் போட்டிருக்கு. நீங்க ஒட்டுனத நாளைக்குப் பிரிக்கப் போறேன். எப்படின்னு சொன்னா சொல்லுங்க. சொல்லாட்டியும் பிரிப்பேன்.”

படுத்திருக்கும் மனிதரிடம் இப்படியா பேசுவது? நாங்கள் கதவை நெருங்கியபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“ஏய், கத்தி வெக்காத லா! சுடுதண்ணில துணி நனைச்சிப் போடு. வச்சிரம் தானா இளகும்.”

பல நாள்களுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டோம். அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரிப்பதில் சில பட்டைகள் பிளந்தன. உள்ளே ஒரு விலாச் சட்டமும் ஒடிந்தது. அக்கா துணியை வீசியடித்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பழைய முக்காலியின் காலை அறுத்துப் புதுச் சட்டம் செதுக்கினார். பட்டைகளை வளைக்க ஆவி வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள் பலகாரம் அவிக்கும் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். “அம்பில் லா, ஜாங்கான் மாலு” என்று, வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடிமரத்தை நேரான கட்டையோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தி, இம்முறை இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டினார் அக்கா.

தினமும் மாலையில் அத்தான் கேள்வியாகக் கேட்பார். பசை கட்டியா, தண்ணியா? முனை எப்படி உட்கார்ந்தது? பதில் சொல்லிக்கொண்டே அக்கா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவார். தான் சாப்பிடுவதை அத்தானே கவனிக்கவில்லை.

ஒருநாள் அக்கா கப்பலைப் புடவையில் சுற்றி, பேச்சா என்ற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கே கொண்டுபோனார். தாதி மிஸ்ஸி திட்டினார். பிறகு அவரே கட்டிலருகே கொண்டுவர வழிவிட்டார். படுத்தபடியே அத்தான் ஒரு கண்ணை மூடி அடிமரத்தை நீளவாக்கில் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் கோணல் இருக்கு.”

“தெரியும். இதுக்கு மேல நிமுத்துனா ஒடஞ்சிடும்.”

அத்தான் விரலால் அந்த இடத்தைத் தடவினார். “இது நான் போட்ட கோணல். இருந்துட்டுப் போவட்டும்.”

எதையும் விட்டுவைக்காத அக்கா அதை விட்டுவைத்தார்.

கண்காட்சியன்று அத்தான் அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தார். கப்பலின் முன்னே இருந்த அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. “பேரு தப்பா இருக்கு. எம் பொஞ்சாதி பேரையும் எழுதுங்க” என்று, எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். அக்கா கூச்சத்தில் வெளியே போய்விட்டார். அத்தான் பின்னர் விந்தி விந்தி நடந்தார். துறைமுக வேலைக்கும் திரும்பினார். கப்பலைச் சில ஆண்டுகளில் கரையான் தின்றது.

இரு பிள்ளைகளை ஆளாக்கி, பேரப்பிள்ளைகளையும் கண்ட பிறகு அக்கா சிறுநீரக நோயில் விழுந்தார். படுக்கையிலும் போர்வை மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், ரத்தச் சுத்திகரிப்புக்குக் காரில் கூட்டிப்போய் வந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை எழுதுமுன் அத்தானிடம் கேட்டேன். “ரொம்பப் புகழாத. கோவக்காரின்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன். ஆண்டு நினைவுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போக வேண்டாம். அத்தான் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் காது மந்தம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.