ஓட்டுநர் இருக்கையில் சந்தனம்மாள்

சந்தனம்மாளுக்கு வயது அறுபத்தாறு. முப்பத்தோர் ஆண்டுகளாகக் கம்பம் ஊரில் விடியுமுன் ஜீப் ஏறி, மலைப்பாதை வழியே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தவர். பதினைந்து பேர் நெருக்கியடிக்கும் அந்த வண்டியில் அவருடைய இடம் பின்கதவோரம். வளைவுக்கு வளைவு யாருடைய முழங்காலாவது அவர் விலாவில் இடிக்கும். கண்ணயர்ந்தால் சாலையில் விழ வேண்டியதுதான். ஆகவே, எத்தனை அலுப்பாக இருந்தாலும் கம்பியைப் பிடித்தபடி விழித்தே வருவார்.

அறுபத்தைந்தைக் கடந்தவர்களை இனி ஏற்றிவர வேண்டாம் என்று தோட்டத்து மேலாளர் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். அதற்காக அவர் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா? ஓர் ஆசை மட்டும் மிஞ்சியிருந்தது. உதட்டுச் சாயம் பூசி, கறுப்புக் கண்ணாடி அணிந்து, சொந்த வண்டிக்காரியைப் போல அந்த ஜீப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆசையைக் கிளப்பியவர் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹேமாவதி. வயதான பெண்களை அவரவர் மனத்திலிருக்கும் கோலத்தில் படம் பிடிப்பவர் அவர். பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் முழங்கை வரை வளையல் அடுக்கிச் சோபாவில் மகாராணியாய்ச் சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தது முதல் சந்தனம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஓட்டுநர் முத்துராஜா தம் இருக்கையில் உடன்பிறந்த தம்பியைக்கூட உட்கார விடமாட்டார். ஆயினும் சந்தனம்மாள் கேட்டதற்காக அந்தக் கடைசி நாள் மாலை, மற்றவர்கள் இறங்கியதும், வண்டியை ஸ்டூடியோ வாசலில் நிறுத்தினார்.

“நீங்க பாட்டுக்கு மதுரைக்கு ஓட்டிட்டுப் போயிராதீக அத்தை.”

“போடா! ஒன் ஓட்டை வண்டி ஆண்டிபட்டிக் கணவாயே தாண்டாது.”

ஹேமாவதி சந்தனம்மாளுக்குச் சிவப்புப் பட்டு உடுத்தி, உதட்டுச் சாயம் பூசி, கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டார். ஏலக்காய்க் கறை படிந்த நகங்களை மட்டும் எந்தச் சோப்பும் வெளுக்கவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் மெத்தை இருந்தது. எவருடைய முழங்காலும் இடிக்கவில்லை.

“ரெண்டு நிமிசம் ஆத்தா, லென்ஸ மாத்திட்டு வந்துர்றேன்” என்று ஹேமாவதி உள்ளே போனார்.

கண்ணை ஒரு கணம் மூடியதுதான் சந்தனம்மாளுக்குத் தெரியும். முத்துராஜா தோளைத் தட்டியபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

“அடிப்பாவி மகளே, எழுப்பியிருக்கக் கூடாதா? இனி எனக்கேது வண்டி?” என்று ஹேமாவதியிடம் பொரிந்தார்.

“மூணு தடவை கூப்பிட்டேன் ஆத்தா, அசையவே இல்ல. வெளிச்சம் போகுதேன்னு அப்படியே எடுத்துட்டேன்.” ஹேமாவதி கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

ஒரு கை ஸ்டீயரிங்கில் கிடந்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்கள் மூடியிருப்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. எவருக்காகவோ காத்திருந்து சலித்துப்போன சீமாட்டியாகத் தெரிந்தார்.

முத்துராஜா எட்டிப் பார்த்தார். “யப்பா! எஸ்டேட் ஓனரம்மா மாதிரியில்ல இருக்கீக. அதுவும், கூலிய ஒசத்திக் கேட்டா மூஞ்சியக்கூடத் திருப்பாத ஓனரம்மா!”

“ஃபிளாஷ் போட்டு இன்னொண்ணு எடுக்கட்டுமா, முழிச்சபடி?” என்று கேட்டார் ஹேமாவதி.

சந்தனம்மாள் படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“வேணாந்தாயி. முழிச்சதெல்லாம் போதும். இதையே பெருசாப் போட்டுக் குடு. தூங்குனேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராத.”

அவர் இறங்க முற்படவில்லை. முத்துராஜாவும் அவசரப்படுத்தாமல் எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார்.