அத்தை பார்த்த சாலை

வண்டி ஓட்டுபவர்களின் கண் சாலையில் எங்கே போகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்துக்கு நடை, கல்லூரிக்கு மின்சார ரயில். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகு கணவரின் பைக்கில் பின்சீட்டு. ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை.

நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஸ்கூட்டர் பழகும் பெண்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். பைக்கில் பறக்கும் இளைஞர்களைப் பற்றி உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். பிள்ளைகளெல்லாம் வேலைக்குப் போன பிறகு, 'இனி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது' என்று ஒருநாள் ஸ்கூட்டர் வாங்கிவிடும் பெண்களைப் பற்றி எனக்குத் தெரிந்து அதிகம் பேர் எழுதவில்லை. எங்கள் ஊரில் அப்படித் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள்.

கல்லூரியிலிருந்து ஒரு கண்ணாடி தந்தார்கள். பார்த்தால் சாதாரண மூக்குக்கண்ணாடி மாதிரிதான் இருக்கும். சட்டத்துக்குள் கடுகளவு கேமராக்கள். ஒன்று எதிரே இருக்கும் சாலையைப் படம் பிடிக்கும். மற்றவை கண்மணியின் அசைவைக் கவனிக்கும். இரண்டையும் கணினியில் சேர்த்துப் போட்டால் சாலைக் காட்சியின் மேல் ஒரு சிவப்பு வட்டம் ஓடும். அந்த நொடியில் அவர் எதைப் பார்த்தாரோ அதன்மேல் வட்டம் போய் உட்காரும். வெயில் ஏறிவிட்டால் கருவிக்குக் கண்மணி பிடிபடாது. ஆகவே காலையில் மட்டும்தான் வேலை.

ஊருக்கு வெளியே, வறண்ட ஏரியை ஒட்டிய மைதானத்தில் ஒரு பெண் ஸ்கூட்டர் பழக்கிக்கொண்டிருந்தார். ஆந்திர எல்லைப்பக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கோபம் வந்தால் தெலுங்கும் சிரிப்பு வந்தால் தமிழும் பேசுவார். என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதும், "தாராளமா வாங்க மேடம்" என்றார். அவரிடம் பழக வந்த பெண்கள்தான் கண்ணாடியைத் தொட மறுத்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்.

"இத்த போட்டா மனசுல நெனைக்கிறதெல்லாம் தெரிஞ்சிடுமாமே?"

"மனசு தெரியாதுக்கா. கண்ணு எங்க போவுதுன்னு மட்டும்தான் தெரியும்."

"அதான் இன்னும் மோசம்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

இப்படியே சில வாரங்கள் போயின. வீட்டில் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மாமியார் விஷயத்தைக் கேட்டார். அத்தை அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்பார். மற்ற நாட்களில் வீட்டுக்குள் உட்கார மாட்டார். அந்தச் சமயத்தில்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். மாடியில் நின்றுகொண்டு, மலைமேல் கோயில் படிக்கட்டில் யார் யார் ஏறுகிறார்கள் என்று புடவை நிறத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் போட மாட்டேன்றாங்களா? குடு, நான் போட்டுக்கறேன்."

"அத்தை, அது வண்டி ஓட்டறவங்க போடறது."

"ஓட்டிட்டா போச்சு. எத்தினி நாளைக்கு ஆட்டோ ரொம்பறவரைக்கும் குந்திகினு இருக்கறது?"

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அம்மா, இந்த வயசுல விழுந்தா..."

"விழுந்தவங்களுக்கெல்லாம் கட்டு போட்டவடா நானு. எப்படி விழணும்னு தெரியும்" என்றார் அத்தை. கணவர் மறுபடி தட்டுக்குக் குனிந்தார்.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது, பதிவு செய்தாலும் முடிவுகளில் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தயங்கித் தயங்கி அத்தையிடம் சொன்னேன்.

"உங்கள கணக்குல சேத்துக்க மாட்டாங்களாம் அத்தை."

"கணக்குல சேக்காட்டி போவட்டும். வண்டில சேத்துக்குவாங்க இல்ல?"

மறுநாள் காலை மைதானத்தில் அத்தை புடவைக்கு மேல் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடியை மாட்டி, அதன்மேல் முகம் திறந்த ஹெல்மெட்டை வைத்துக் கட்டினேன். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து, "பிரேக்க புடிச்சிக்கோங்கம்மா, மெதுவா முறுக்குங்க" என்றார். அத்தைக்கு மெதுவாக என்பதே பழக்கமில்லை. வண்டி ஒரு துள்ளு துள்ளி, ஏரிக்கரை வேலிகாத்தான் புதரை நோக்கிப் போனது. பயிற்சியாளர் தெலுங்கில் கத்தினார். புதருக்கு முன்னால் வண்டி நின்றது. அத்தை திரும்பிப் பார்த்து, "பிரேக்கு நல்லா இருக்குது" என்றார்.

அதைப் பார்த்த பிறகு பூக்கடை அக்கா முன்னால் வந்தார். "டீச்சர், எனக்கும் மாட்டி வுடு. இவங்களே போட்டுக்கினாங்க, எனக்கு இன்னா?" அவர் எப்போதும் என்னை டீச்சர் என்றுதான் அழைப்பார். அந்த வாரமே மற்றவர்களும் வந்தார்கள். சர்ச்சிலிருந்து சில பேர், எங்கள் தெருவிலிருந்து சில பேர். பெட்டிக்குள் இருந்த கண்ணாடிக்கு ஓய்வே இல்லாமல் போனது.

எனக்கு வேலை மும்முரமானது. மைதானத்தில் கை பழகியதும் ஒவ்வொருவரும் பயிற்சியாளரைப் பின்னால் உட்காரவைத்து ஊர்ச் சாலையில் ஓட்ட, அதைப் பதிவு செய்தேன். பதிவுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிவப்பு வட்டம் எங்கெங்கே நின்றது என்று நொடி நொடியாகக் குறிப்பேன். புதிதாகப் பழகுபவர்களின் கண் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். பள்ளத்துக்குப் பயந்து பள்ளத்தையே பார்ப்பார்கள். வண்டியும் பள்ளத்திலேயே போய் இறங்கும். இது முன்பே தெரிந்த விஷயம்தான். என் பெண்களும் அப்படியே பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் சோர்வாக இருந்தது.

ஒருநாள் மாலை அத்தை என் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, "நீ மட்டும் பாத்துகினு இருக்கியே, எங்க கண்ண எங்களுக்குக் காட்ட மாட்டியா?" என்று கேட்டார். ஒருவருடைய பதிவை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்றேன். அவரவரே சம்மதித்தால்தான் முடியும் என்று சொன்னதுதான் தாமதம், அத்தை தெருத்தெருவாகப் போய் எல்லோரிடமும் சம்மதம் வாங்கி வந்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. டிவியில் மடிக்கணினியை இணைத்தேன். அத்தை சுண்டல் செய்து வைத்திருந்தார்.

முதலில் பூக்கடை அக்காவின் பதிவு. சிவப்பு வட்டம் தரையிலேயே ஊர்ந்தது. கல், குழி, வேகத்தடை, சாணி. எதிரே ஒரு பேருந்து வருகிறது. வட்டம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சட்டென்று மேலே துள்ளி, தெருமுனையில் இன்னொரு பூக்காரம்மாவின் கூடையில் போய் அசையாமல் நின்றது.

"அய்யய்யோ, மல்லிய பாக்கறாடி!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முந்தானைக்குள்ளிருந்தே குரல் வந்தது. "அது இன்னா டீச்சர், பஸ் வந்துச்சா? நான் பஸ்ஸ பாக்கவே இல்லியே!"

அக்கா முந்தானையை விலக்கினார். "மறுக்கா போடு" என்றார். மறுபடி போட்டேன். ஓரமாக ஒதுங்கிய பேருந்து அவருக்கு ரொம்பப் பக்கத்தில் கடந்து போவதைச் சுண்டலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

அடுத்தது அத்தையுடையது. அவர் வட்டம் தரைக்கு வரவே இல்லை. சாலையின் கடைக்கோடியில் சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் உடனே அதன்மேல் போய் உட்கார்ந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பல வருடம் ஓட்டியவர்களின் பார்வை என்று போட்டிருப்பார்களே, ஏறக்குறைய அப்படி.

"எப்படி அத்தை இவ்ளோ தூரம் பாக்கறீங்க?"

"புதுசா கண்ணு தெரியுது, பாக்காம என்னா? யாரு வராங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிக்கினா நல்லதுதானே. பாஸ்டரம்மா வந்தா நிறுத்தி நாலு வார்த்த பேசணும் இல்ல?"

அடுத்த வாரம் அதே பெண்களை அதே சாலையில் ஓட்டவைத்துப் பதிவு செய்தேன். கணினியில் போட்டுப் பார்த்தபோது கண்ணாடி கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பூக்கடை அக்காவின் வட்டம் தரையிலிருந்து எழும்பியிருந்தது. எதிரே வரும் ஆட்டோ, குறுக்கே வர நிற்கும் நாய், திறக்கப்போகும் கார் கதவு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போனது. மற்ற பெண்களுக்கும் அப்படியே. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தங்கள் கண் போன வழியைத் தாங்களே ஒருமுறை பார்த்ததுதான்.

பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இதத்தாம்மா நீங்க செய்யணும். வேற ஊர்ல, வேற ஆளுங்கள வெச்சி முறையா செஞ்சி பாக்கலாம். அந்த டிவி யோசனை யாரோடது?" என்றார்.

"கணக்குல சேராதவங்களோடது சார்" என்றேன்.

அதன் பிறகு மணவூரிலும் அரக்கோணத்திலும் போய்ச் செய்தேன். பாதிப் பேருக்குக் காட்டியும் பாதிப் பேருக்குக் காட்டாமலும். அதுவே ஆய்வேட்டின் பெரிய அத்தியாயம் ஆனது. பட்டமும் கிடைத்தது. நன்றியுரைப் பக்கத்தில் அத்தைக்கு ஒரு வரி உண்டு. அவர் அதைப் படித்துவிட்டு, "எங்க கூட பழகின எல்லாரையும் போட்டிருக்கலாமே" என்று குறைப்பட்டார்.

இதற்கிடையில் பயிற்சியாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மேடம், ஓட்டத் தெரியாம ஓட்டறத பத்திப் படிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டபோது, "நோய் வந்தாத்தான் டாக்டராவணுமா?" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. நானும் எல்.எல்.ஆர். போட்டேன். அத்தைக்கும் எனக்கும் ஒரே நாளில் உரிமத் தேர்வு. தரையில் வரைந்த எட்டு வடிவத்தைக் காலூன்றாமல் சுற்றி வர வேண்டும். அத்தை தலையை நிமிர்த்திக்கொண்டு, திரும்ப வேண்டிய இடத்தை முன்கூட்டியே பார்த்து, வழுக்கிக்கொண்டு போவதுபோல் எட்டைப் போட்டு முடித்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருமுறை அவர் வயதைக் கேட்டு, தலையாட்டிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அடுத்தது நான்.

பார்வையை எங்கே வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். வண்டி நகர்ந்ததும் என் கண் முன்சக்கரத்தில்தான் போய் விழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மேலே இழுத்தேன், வரவில்லை. இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டேன். மைதானத்து ஓரத்திலிருந்து, துணைக்கு வந்திருந்த பூக்கடை அக்கா, "டீச்சர், மேல பாரு, மேல பாரு!" என்று கத்தியது நன்றாகக் கேட்டது. அடுத்த முறை வரச் சொன்னார்கள். வெட்கமாக இருந்தாலும் சிரிப்பு அதைவிட அதிகமாக வந்தது. அடுத்த முறையும் ஊன்றினேன். அதற்கடுத்த முறை தேறினேன்.

அத்தையின் உரிமம் தபாலில் வந்த வாரம், கே.ஜி.கண்டிகையில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் பின்னால். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தார். ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள் வயல்வழியிலிருந்து ஒரு டிராக்டர், கரும்புச் சோகை இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்க, திரும்பிப் பார்க்காமல் சாலையில் ஏறியது. அத்தை ஒதுங்கி நின்று வழிவிட்டார். "தூரத்துலயே புகைய பாத்தேன்" என்றார்.

சின்ன அத்தை களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றும்வரை அக்காவை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"நீயா ஓட்டிகினு வந்தே?"

"ஆங், பின்ன இவளா?"

சின்ன அத்தை அக்காவைச் சுற்றி வந்தார், பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். கையிலிருந்த கடலையைக் கூடையில் போட்டார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "டீக்கடவரைக்கும் போயிட்டு வரலாம் வா" என்றார். இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தது அங்கிருந்தே தெரிந்தது. சின்ன அத்தை ஒரு கையால் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீக்கடையில் நிற்காமல் அதைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் தாண்டிப் போனார்கள். நான் களத்தில் உட்கார்ந்து கடலையைக் கோழிகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வரும்போது சூடான போண்டா வாங்கி வந்திருந்தார்கள்.