வெறும் தட்டில் முளைத்தது

என் மனைவிக்கு இரண்டு பழக்கங்கள். மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் இருக்க மாட்டாள்; திறந்த வாயை மூட மாட்டாள். நான் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். கற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதுதான் என் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரை நிறுத்தியிருக்கிறேன். வீட்டில் என் பிரேக் ஒருநாளும் பிடித்ததில்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, பரிசோதனைக்கூடத்தின் வாசல் மேஜையில். வருகிறவர்களுக்கு ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பார்கள். வருஷக்கணக்காகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், எங்கள் மகள் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் சொன்னாள்: "நான் காலேஜ்ல சேரப் போறேங்க. மைக்ரோபயாலஜி. எனக்கு அந்தப் பக்கம் போகணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டாள்.

மாலைக் கல்லூரி. கடைசி வருஷம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அது தேறினால் பட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது. பட்டத்தோடு வந்தால் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் இன்னொரு வருஷம், அதற்குள் வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

வார்டு நர்ஸ்களின் செல்போனில் என்னென்ன கிருமி இருக்கிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். பஞ்சுக் குச்சியால் போனைத் துடைப்பாள். கிருமிக்குப் பிடித்த தீனியை உறைய வைத்த தட்டில் அந்தக் குச்சியைத் தேய்த்து, மூடி, சூடான பெட்டிக்குள் வைப்பாள். மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். கூடவே ஒரு வெறும் தட்டும் உண்டு. எதையும் தொடாத புதுக் குச்சியை அதில் தேய்ப்பார்கள். அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. முளைத்தால் கிருமி போனிலிருந்து வரவில்லை, வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சாப்பிடும்போதுதான் விளக்குவாள், வேறு நேரமே கிடைக்காது பாருங்கள்.

முதல் சுற்று முடிந்த அன்று தலைகால் புரியாமல் வந்தாள். "எல்லா போன்லயும் ஒரே கிருமிங்க! தங்கக் கலர்ல, உருண்டை உருண்டையா! புண்ணுல போனா சீழ் வைக்கிற ஜாதி!"

கெட்டது கிடைத்ததற்காகக் குதிக்கிற படிப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வெறும் தட்டைச் சரியாகப் பார்த்திருக்கிறாள். அதிலும் அதே தங்க உருண்டைகள்.

"எனக்கு ஒண்ணும் புரியலங்க. கட்டுரை குடுக்க ரெண்டே வாரம்தான் இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஒரு தட்டைத் தூக்கிக் குப்பையில போடு. யார் வந்து எண்ணப் போறா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருத்தன் செகப்பு சிக்னல்ல நிக்காம போறான். அந்த ஒரு சிக்னலைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு விட்டுடுவீங்களா?"

"அது வேற, இது வேற."

"ஒரு வேறயும் இல்ல. நான் இப்படி எழுதினா நாளைக்கே வார்டுல போனைத் தடை பண்ணிடுவாங்க. வார்டு ஹெட் நர்ஸ், அதான் பெரிய சிஸ்டர், மதியம் ரெண்டு நிமிஷம் குழந்தை கூடப் பேசறதும் போச்சு. அவங்க போன்ல இருந்ததான்னே எனக்குத் தெரியாதே!"

சொல்லிக்கொண்டே அடுப்பில் கொதித்த குழம்பின் மூடியைத் திறந்தாள். திறந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், பெரிய சிஸ்டரின் மொத்தக் கதையையும் அதற்குள்ளேயே சொல்ல ஆரம்பித்தாள். அந்த வாரம் அவளுக்கு ஜலதோஷம் வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அடியே, மூடு! மூக்கை உறிஞ்சிக்கிட்டு அதுக்குள்ள பேசாதே! அதை நான் சாப்பிடணும்!"

அவள் கை அப்படியே நின்றது. மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயையோ," என்றாள். பிறகு மெதுவாக, "தட்டைத் திறந்து தேய்க்கறப்ப மாஸ்க் போட்டிருந்தேங்க. ஆனா பேச வசதியா இல்லன்னு தாடைக்கு இறக்கி விட்டிருந்தேன்."

மறுநாள் தன் மூக்கிலேயே பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு தட்டில் தேய்த்தாள். தங்க உருண்டைகள், அச்சு அசலாக அதே ஜாதி. நர்ஸ்கள் பேரில் விழ இருந்த பழி முழுக்க இவள் மூக்கிலிருந்து வந்தது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள், நடுவில் கொஞ்சம் அழவும் செய்தாள்.

ஜலதோஷம் விட்டதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றி, வாயைத் திறக்காமல். பெரிய சிஸ்டர் பயந்துபோய் எனக்கே போன் செய்தார். "என்ன சார், வீட்டுல ஏதாவது சண்டையா? ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாங்களே!"

இந்தத் தடவை வெறும் தட்டு வெறுமையாகவே இருந்தது. போன்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம்; தங்க உருண்டை எங்கோ ஒன்றிரண்டில்தான்.

ஆனால் இவள் சும்மா இருப்பாளா? தன் மூக்கு உட்பட முதல் சுற்றையும் கட்டுரையில் எழுதினாள். பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டாராம். "ரெண்டாவது சுத்து மட்டும் போதும்மா. இதைப் பார்த்தா உங்களுக்கு வேலையே தெரியலன்னு ஃபெயில் பண்ணிடப் போறாங்க."

"எழுதலைன்னா அடுத்து வர்ற பொண்ணும் மாஸ்க்கைத் தாடையில மாட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டேதான் பண்ணும் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கட்டுரைக்கான வாய்மொழித் தேர்வன்று நான் கல்லூரி வராந்தாவில் நின்றேன். முதலில் அவள் குரல். பிறகு உள்ளே எல்லோரும் சிரிக்கிற சத்தம். நான் சிரிக்கலாம், இவர்கள் யார் அவளைப் பார்த்துச் சிரிக்க என்று கோபம் கோபமாக வந்தது. கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள்.

"தேர்வு நடத்த வெளியூர்லேர்ந்து வந்த சார், 'அந்தத் தங்கக் கிருமி இப்ப எங்கம்மா இருக்கு?'ன்னு கேட்டார். 'ஜலதோஷம் போயிடுச்சு சார், அது மட்டும் இன்னும் மூக்குலயே குடியிருக்கு'ன்னேன்."

"அதை விடு. பாஸா, இல்லையா?"

"பாஸ்தாங்க! 'தன் தப்பைத் தானே பிடிச்ச ஆளைத்தான் நான் பரிசோதனைக்கூடத்துல வைப்பேன்'னார்."

போன வாரம் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கப் போனேன். வாசல் மேஜையில் ஒரு புதுப் பெண் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டில் என் மனைவி, கண்ணுக்குக் கீழ் வரை மாஸ்க், முன்னால் திறந்த தட்டு. கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தாள். கண் சிரித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, மறுபடி குனிந்துகொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் வாயை மூடியிருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெருமையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

ரிப்போர்ட்டை வாங்கிய பிறகும் நான் கிளம்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் வெளியே வந்தாள், மாஸ்க்கைக் கழற்றினாள், காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்ட ஆரம்பித்தாள். நான் பிரேக்கைத் தொடவே இல்லை.