சுந்தரி அசைபோட்ட மத்தியானம்

பினாயிலும் ஈர ஆட்டு ரோமமும் கலந்த ஒரு வாசனை... திருமழிசைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி!

ஆபரேஷன் முடிந்த சினை ஆடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக் குட்டியின் இதயத்துடிப்பை அளக்க ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு உதவப்போகிற ஆராய்ச்சி.

பதினாலாம் நம்பர் ஆட்டுக்கு நான் வைத்த பெயர் சுந்தரி. என் ஐடி கார்டு கயிற்றைத் தின்று தீர்த்தவள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். தீவனம் வைத்தது வைத்தபடி. கிட்டே போனால்... நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம். ஆடு லேசில் வலியைக் காட்டாது. பல்லைக் கடித்தால் பொறுக்க முடியவில்லை என்று அர்த்தம்.

பத்து மணிக்கு ரீடிங் எடுக்க ஆராய்ச்சியாளர் சார் வந்துவிட்டார்.

"இன்னைக்கு வேணாம் சார். அவளுக்கு வலிக்குது."

"நீ டாக்டராம்மா?"

சேர்ந்து நாலே மாதம். ஆனாலும் கொட்டில் கதவை விட்டு நகரவில்லை.

"டாக்டர் மேடம் ஒரு தடவை பார்த்துடட்டும் சார்..."

கால்நடை டாக்டர் மேடம் வந்து பார்த்தார். உடனே வலிக்கு ஊசி போட்டார். "மாலா சொல்றது சரிதான் சார். ரீடிங் நாளைக்குப் பார்த்துக்கலாம்."

சார் ரீடிங் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

பல் சத்தம் நின்றது. ஆனால் சாப்பிடவில்லை. சினை ஆடு பட்டினி கிடந்தால் தாய், குட்டி இரண்டுக்குமே ஆபத்து. அகத்திக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை கெஞ்சினேன்.

கூட வேலை பார்த்த தேவன் எட்டிப் பார்த்தான். திருமழிசைக்காரன், என் வயசுதான்.

"இன்னா மாலா, இதோட ஜோடி எங்க கீது? எப்பவும் ஒம்போதாம் நம்பரோடதான சுத்திகினு இருக்கும். தனியா வுட்டா எப்புடித் துன்னும்?"

மேடமிடம் ஓடினேன். காயத்தில் முட்டிவிடாமல் நடுவே கம்பித் தடுப்பு வைத்து, ஒன்பதாம் நம்பரைப் பக்கத்தில் விடச் சொன்னார்.

வந்ததும் அது "ம்மே..." என்றது. சுந்தரி தலையைத் தூக்கினாள். கம்பி வழியாக மூக்கோடு மூக்கு. அப்புறம்... ஒரு கொத்து அகத்தி. இன்னொரு கொத்து. கொஞ்ச நேரத்தில் படுத்து, நிதானமாக அசைபோட ஆரம்பித்தாள்!

நான் துள்ளிய துள்ளலில் வைக்கோல் வழுக்கித் தொப்பென்று விழுந்தேன்.

"மேடத்தக் கூப்டவா? ஒனக்கும் ஒரு ஊசி போட்டுடலாம்" என்றான் தேவன்.

மறுநாள் சார் கொட்டிலுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்: "என்னம்மா... இன்னைக்கு எடுக்கலாமா?"

அடுத்த மாதம் சுந்தரி ஒரு பெட்டைக்குட்டி போட்டாள். பிறந்த அரைமணி நேரத்தில் எழுந்து நின்று தள்ளாடியது.

இப்போது நான் அம்பத்தூரில் ஓர் ஆபீஸில், கம்ப்யூட்டர் முன்னால். தேவன் இன்னும் அங்கேதான். போன வாரம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இப்போதெல்லாம் ஜோடி ஆடு கூடவே இருக்க வேண்டும் என்று ரூலே வந்துவிட்டதாம். வலியைக் கவனித்து எழுதத் தனி ஃபார்ம். "புதுசா சேர்ந்த பொண்ணு 'வலிக்குது'ன்னு ஒரு டிக் போட்டா போதும், ரீடிங் கேன்சல்" என்றான்.

யாரையும் மறித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கேட்க ரொம்ப சந்தோஷமாக இருந்தது... கொஞ்சம் பொறாமையாகவும்.