நூற்றில் நின்ற கை

லேப் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று நேற்று மாலையிலிருந்து கை பரபரக்கிறது. எங்கள் பறவைக் கணக்கெடுப்புக் குழுவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு மைக்ராஸ்கோப், உயரம் போதாமல் மடித்த துண்டைப் போட்டு வைத்த ஸ்டூல். கண்ணாடியில் தேய்த்த ரத்தத்தில் வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவார். கையருகே பொத்தான்கள் வைத்த சின்னப் பெட்டி, வகைக்கு ஒரு பொத்தான். எல்லாம் சேர்ந்து நூறு ஆனதும் பெட்டி ‘டிங்’ என்னும். அதோடு போதும். நூற்றில் எது எத்தனை என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். எழுதிவிட்டு அடுத்த கண்ணாடி.

ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட அப்படி ஒரு பெட்டியை வைத்துத்தான் அவரும் அவருடைய அண்ணனும் பதினோரு குளிர்காலம் பறவை எண்ணினார்கள். அண்ணன் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார், இவர் அமுக்குவார். டிங் அடித்தால் தாளில் ஒரு கோடு. அண்ணன் வாய் ஓயாது, அதனால் இவர் கையும் ஓயாது.

மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். அவருடைய ரத்தமும் இந்த ஸ்டூலுக்குத்தான் வந்தது. நூறு வரை எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாராம். “என்ன சாப்பிட்டேன்னு ஞாபகமில்ல. ஆனா சாப்பிட்டேன்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார், பஸ் நேரம் சொல்வது போல.

எங்கள் கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு. ஒரு பாதைக்கு ஐந்து இடம், ஐந்தையும் குழு குறித்த அந்த ஒரே நாளில் முழுசாக எண்ண வேண்டும். ஓர் இடம் விட்டாலும் அந்த வருடமே விட்டது போல. தொடர்ச்சி அறுந்துவிடும், அடுத்த முறை முதல் வருடம் என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அண்ணனின் பதினொன்றைப் பன்னிரண்டாக்க வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் அக்கா வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றைத்தான்.

நேற்று அண்ணனின் மனைவி, அண்ணி, கார் ஓட்டினார். தபால் ஆபீஸ்காரர், வாய் கொஞ்சம் அதிகம். வழியில் நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியும்போது ஏரிக்கரையில் பனிமூட்டம், நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக. அக்கா தானே பார்த்தார், தானே அமுக்கினார். பிறகு அறுவடை முடிந்த வயல், ஆள்காட்டிகள். பிறகு கால்வாய், ஆற்று முகத்துவாரம். எங்கேயும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இடத்துக்கு இடம் போகத்தான் மணிக்கணக்கில் ஆனது.

“இவ்ளோ சீக்கிரமாவா? உங்கண்ணன் என்னை வண்டிக்குள்ள தூங்க வெச்சு எழுப்புவாரு.”

“முடிஞ்சுது அண்ணி. கெளம்பலாம்.”

முகத்துவாரத்தில் காரின் பானெட்டின் மேல் பிளாஸ்கை வைத்து டீ ஊற்றும்போது அண்ணி தாளை எடுத்தார். கூட்டிப் பார்க்காமல் எந்தக் காகிதத்தையும் கீழே வைக்காத கை அது.

“என்ன இது? ஏரி நூறு. வயல் நூறு. கால்வாய் நூறு. இங்கயும் நூறு. பறவைங்க டோக்கன் வாங்கிட்டு வந்துச்சா?”

அக்கா தாளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மணல்திட்டு முழுக்க ஆலாக்கள், கால் வைக்க இடமில்லாமல். பெட்டி டிங் அடித்திருக்கிறது, கை நின்றிருக்கிறது. நாலு இடத்திலும். அவருக்கே தெரியவில்லை.

“நிறுத்திட்டேன் போல” என்றார்.

மணி மூன்றரை. திரும்பிப் போய் நாலையும் எண்ண வெளிச்சம் இருக்காது.

“போன வருஷ நம்பரையே கொஞ்சம் முன்னபின்ன போட்டுடு. பறவை வந்து கேக்கவா போகுது?”

“லேப்ல அப்படிப் போட்டா ஆள் செத்துடுவாங்க அண்ணி.”

“இங்க யாரு சாகப்போறா” என்ற அண்ணி தாளைத் திருப்பிக் கொடுத்தார். டீ ஆறியது. இருவரும் குடிக்கவில்லை.

ஐந்தாவது இடம் பக்கத்திலேயே, கடலோரச் சேற்றுவெளி. காற்றில் விரல் மரத்துப்போனது. அக்கா டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டு, பெட்டியை அண்ணியிடம் நீட்டினார்.

“இது உள்ளான், இது உப்புக்கொத்தி, இது கடற்காகம். நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க.”

“எனக்குக் காக்கா தவிர ஒண்ணும் தெரியாதும்மா.”

“நீங்க பாக்க வேணாம். அமுக்குனா போதும்.”

டிங் அடித்தது. அக்கா நின்றுவிட்டார். கண் டெலஸ்கோப்பில் இருக்கிறது, வாய் திறக்கவில்லை.

“என்ன, கடை மூடிட்டியா? எனக்கு இங்கேருந்தே இன்னும் தெரியுது. சொல்லு.”

“உள்ளான்” என்றார் அக்கா. “உள்ளான். உள்ளான். உப்புக்கொத்தி.”

இருபத்து மூன்று முறை டிங் அடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அக்கா நிற்க, அண்ணி ஏதாவது ஒன்று சொல்லி உசுப்பியிருக்கிறார். அலை ஏறிக் கூட்டம் கிளம்பியபோது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

மாலையில் எங்கள் ஒருங்கிணைப்பாளரான மருந்துக்கடைக்காரரிடம் தாள்களைக் கொடுக்க எல்லோரும் வந்தோம். அக்காவின் தாளில் நாலு இடங்களுக்கு நேரே ‘நூற்றில் நிறுத்திவிட்டேன், முழு எண்ணிக்கை அல்ல’ என்று எழுதியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை நீங்க எழுதாம இருந்திருக்கலாம். பன்னெண்டுன்னு போட்டுட்டுப் போயிருப்பேன்.”

“தெரியும் சார்.”

“அறுந்துடும்மா. பதினோரு வருஷம்.”

“அடிச்சிடுங்க.”

அவருக்குக் கை வரவில்லை. அக்கா என் பேனாவை வாங்கி, பாதையின் பெயருக்கு நேரே பன்னிரண்டு வர வேண்டிய கட்டத்தில் தானே குறுக்கே கோடு போட்டார். நேராக. என்னால் பார்க்க முடியவில்லை, மாத்திரை அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அடுத்தது ஒண்ணாவது வருஷமா சார்?”

“ஆமாம்மா.”

“அப்போ எண்ணுறவங்கன்னு அண்ணி பேரையும் சேத்துக்கோங்க. அமுக்குறதுக்கு.”

“என்னைக் கேட்டியா?” என்றார் அண்ணி.

“கேக்கல” என்றார் அக்கா.