கணு தாண்டாத மோதிரங்கள்

மோதிரம் விற்கிறவனுக்கு விரலைப் பற்றிக் கவலையே கிடையாது, கணுவைப் பற்றித்தான் கவலை. எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு நகைக்கடையில் மோதிரத் தட்டுக்குப் பின்னால் நின்றேன். எங்களிடம் வந்ததெல்லாம் தறியிலும் தோட்டத்திலும் லாரியிலும் உழைத்துக் கணு பெருத்த விரல்கள். உங்களுக்கும் அப்படி விரல் வாய்த்திருந்தால் நான் பட்ட பாடு புரியும்.

நூல் அளவு

மாப்பிள்ளையைக் கடைக்குக் கூட்டி வரும் வழக்கம் அப்போது இல்லை. பெண் வீட்டார் அவர் விரலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்து வருவார்கள். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் தன் மாப்பிள்ளைக்காகக் கொண்டுவந்த நூலை நம்பி மோதிரம் செய்து கொடுத்தேன். நூலை விரலின் அடியில் சுற்றியிருக்கிறார்கள். கணுவை அவர்களும் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தத்தில் தேங்காய் எண்ணெய், சோப்பு எதற்கும் மோதிரம் மசியவில்லை. மறுநாளே வியாபாரி கடைக்கு வந்துவிட்டார். "சபை பூரா பாத்துக்கிட்டிருக்குது, மோதரம் பாதி வழியிலயே நின்னுபோச்சுங்க."

சுற்றும் கல்

அடுத்து மாட்டியவர் நாமக்கல் லாரி டிரைவர். பட்ட அனுபவத்தில் இந்த முறை கணுவையே அளந்தேன். மோதிரம் கணுவைத் தாண்டியது, தாண்டியதும் தொளதொளவென்று சுற்றியது. ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "ஸ்டியரிங்கப் புடிச்சா கல்லு கையக் கடிக்குது, சோறு பெசைஞ்சா சோத்துக்குள்ள போயிருதுங்க" என்றார்.

எங்கள் கடைக்கு நகை செய்யும் பத்தர் வளையத்தின் உட்புறம் இரண்டு சின்னத் தங்கக் குண்டுகளைப் பற்றவைத்தார். அதன்பின் மோதிரம் நகராமல் நின்றது. டிரைவர் சிரித்துக்கொண்டு போனார், முதலாளி சிரிக்கவில்லை. தங்க நகைப் பக்கம் நிற்கிற பையன் என்று சொல்லித்தான் எனக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்தே முதலாளி சொன்னார்: "இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா நீ வெள்ளிக் கொலுசுப் பக்கம் போயிருப்பா."

முந்தானைக்குள் ஒரு கை

அந்த வாரமே ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு கல்யாணப் பெண், மாமியாராகப் போகிறவரோடு வந்தாள். தறி நெய்கிற பெண். வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். "ஏதாச்சும் ஒண்ணு குடுங்க" என்றாள், கையை மட்டும் காட்டவில்லை. அளக்காமல் கொடுத்தால் என் கதை முடிந்தது. முதலாளி வேறு கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தானை சற்று விலகியபோது ஓரக்கண்ணால் கணுவைப் பார்த்துவிட்டேன். மெல்லிய கம்பி மோதிரம் போட்டால் கணு இன்னும் பெரிதாகத் தெரியும். விரலின் நீளவாக்கில் அமைந்த நீள்வட்டக் கல்லும், மேலே அகன்று வரும் பட்டையும் என்றால் கண் கல்லுக்குப் போய்விடும். இதைப் பெண்ணிடம் மெதுவாகச் சொல்லி, "கணுவை மறைச்சிடலாம்மா" என்றேன்.

அது மாமியார் காதில் விழுந்துவிட்டது. பெண் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பாவி, நானே காட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் பெண்ணின் கையை முந்தானையிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். "எதுக்குங்க தம்பி மறைக்கோணும்? இந்த வெரலு நெய்யறதப் பாத்துத்தானுங்க பொண்ணே கேட்டோம்."

அளந்து கொடுத்த அந்த மோதிரம் திரும்பி வரவில்லை, நானும் கொலுசுப் பக்கம் போகவில்லை, ஆனால் அந்த அம்மாள் மகனுக்குப் பெண் தேடினாரா தறிக்கு ஆள் தேடினாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.