திங்கட்கிழமைக் கண்கள்

கணவாய் மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடாமல் அதன் கண்ணை என்னத்துக்கு அறுக்கிறாள் இவள் என்று தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவே கேட்டது. மெட்டில்டா தன் வேலையைப் பார்த்தாள். சொல்லிப் புரியவைக்கிற நேரத்தில் இன்னும் நாலு கண்ணை அறுத்துவிடலாமே!

சென்னையில் விலங்கியல் படித்தவள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வேலையை ஊரிலிருந்தே செய்ய அனுமதி வாங்கி வந்திருந்தாள். கல்லூரி இரவல் கொடுத்த ஒரு மைக்ராஸ்கோப், வீட்டின் பின்கட்டு அறை, தாய்மாமன் கிளாட்வினின் வள்ளம். அவ்வளவுதான் அவளுடைய ஆய்வுக்கூடம். மாமா மெல்லிய விளாறுக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, கல்லைச் சேர்த்துக் கடலில் இறக்கிவைப்பார். ராத்திரி கணவாய் வந்து அதில் கறுப்புத் திராட்சை மாதிரி முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். காலையில் அவர் பறித்து வாளியில் கொண்டுவருவார். மெட்டில்டா தேதி எழுதித் தொட்டியில் போட்டு, நாளுக்கு நாள் கருவை எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பாள்.

பார்த்தது லேசுப்பட்ட விஷயமில்லை. விழித்திரையிலிருந்து கிளம்புகிற நரம்பு ஐந்தாம் நாளே மூளையைத் தொட்டுவிடுகிறது. விழித்திரையில் நிறம் ஏறுவதோ ஆறாம் நாள்தான். கண் பார்க்கத் தயாராவதற்கு முன்னாலேயே மூளைக்குப் பாதை போட்டுக்கொள்கிறது! இதைத்தான் ஆய்வேடாக எழுதி, ஸ்லைடுகளோடு சென்னைக்கு அனுப்பினாள்.

1947 மார்ச்சில் தேர்வாளரிடமிருந்து கடிதம் வந்தது. பதினாலு ஸ்லைடுகளில் ஐந்தாம் நாளே நிறம் ஏறியிருக்கிறது, அவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கியதை ஏற்க முடியாது, ஒரு மாதத்துக்குள் நேரில் வந்து நிரூபிக்காவிட்டால் ஆய்வேடு நிராகரிக்கப்படும் என்று இருந்தது. மெட்டில்டா அதை இரண்டு தரம் படித்தாள். இரண்டு வருஷ உழைப்பு! அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நேரே மாமாவிடம் போய் நின்றாள்.

"பழைய முட்டையையும் புதுசையும் கலந்து கொண்டாந்தீங்களா மாமா?"

"ஏளா, என்ன பேச்சு பேசுத? விடிஞ்சதும் மொத வேலையா ஒண்ணு விடாமப் பறிச்சுல்லா கொண்டாரேன். ஞாயித்துக்கிழம தவிர ஒரு நாளாவது தவறியிருக்கனா?"

மெட்டில்டா சட்டென்று குறுக்கே கேட்டாள். "ஞாயித்துக்கிழம கட்டு எங்கன கெடக்கும்?"

"கடல்லதான் கெடக்கும். ஆண்டவர் நாளும் அதுவுமா எவன் வள்ளத்த எறக்குவான்?"

அட, தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும்! வெளியூர்க்காரன் யாராவது இருந்திருந்தால் முதல் வாரமே கேட்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது இவர்கள் இருவருக்கும் மூச்சு விடுகிற மாதிரி. அதைப் போய் யார் சொல்வது, யார் கேட்பது? பூசைக்குப் போய்வந்தவள், திங்கட்கிழமை வாளியில் வந்ததையெல்லாம் நேற்று ராத்திரி இட்டது என்றே எழுதிக்கொண்டிருந்தாள். அதில் பாதி சனிக்கிழமை ராத்திரி இட்டது; அவள் ஐந்தாம் நாள் என்று எழுதியது அவற்றுக்கு உண்மையில் ஆறாம் நாள்.

ஓடிப்போய் நோட்டைப் புரட்டினாள். பதினாலும் திங்கட்கிழமை முட்டைகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அழுத கண்ணோடு சிரித்தாள்.

"மாமா, இனிமே சனிக்கிழம காலையில கட்டைக் கரைக்கே கொண்டாந்துருங்க. திங்கட்கிழம திரும்ப எறக்கினாப் போதும்."

"இம்புட்டுதானா? இத அப்பமே சொல்லியிருக்கலாம்லா!"

இரண்டு வாரம் பின்கட்டு அறையே கதியென்று கிடந்தாள். புது ஸ்லைடு அறுபது தயாரானது. மாமாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

புது ஸ்லைடுகளைப் பார்த்ததும் தேர்வாளர் முகம் கடுத்தது. "வேண்டாததை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்களோ?" என்றார்.

மெட்டில்டாவுக்குச் சுருக்கென்றது. எல்லா ஸ்லைடிலும் எத்தனையாம் நாள் என்று எழுதியதன் மேல் காகிதம் ஒட்டியிருந்தாள். "செஞ்சது ஒண்ணு விடாம இதுல இருக்கு, நீங்களே பாருங்க ஐயா. நிறம் ஏறினது ஒரு பக்கம், ஏறாதது ஒரு பக்கம்னு பிரிச்சு வைங்க."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பது இந்தப் பக்கம், முப்பது அந்தப் பக்கம். மெட்டில்டா காகிதங்களைக் கிழித்தாள். நிறம் ஏறாத முப்பதும் ஐந்தாம் நாள். ஏறிய முப்பதும் ஆறாம் நாள். பிறகு பழைய நோட்டை விரித்து, தன் தப்பையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சரி, மூளை எந்தத் திசையில் இருக்கிறதென்று அந்த நரம்புக்கு யார் சொன்னது?"

"ஏதோ ஒரு ரசாயனம் சொல்லுதுன்னு நினைக்கிறேன் ஐயா. இனிமே அதைத்தான் தேடப்போறேன்."

"அப்படியானால் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்து தேடுங்கள்" என்று சொல்லி, ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் கிளாட்வின் வெள்ளைச் சட்டையில் வியர்த்து நின்றார். "என்னளா? பாஸா, பெயிலா?"

 மெட்டில்டா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கூப்பிடுகிற குரலில் மாமா எடுத்துவிட்டார்: "எம் மருமவ பாஸாயிட்டா!"

பேராசிரியர்களும் பியூன்களும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மெட்டில்டா கூச்சத்தை உதறிவிட்டு, "ஆமா, பாஸாயிட்டேன்!" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினாள்.